ஊர் ஊராக ஓடிவந்த தேசிய விளையாட்டு

கீழ்பென்னாத்தூர்ப் பள்ளி மாணவி ஒருத்தி குறுவட்டப் போட்டியில் 400 மீட்டர் ஓடி முதலாவதாக வந்தால், அடுத்து அவள் ஓட வேண்டிய ஊர் திருவண்ணாமலை. அங்கே வருவாய் மாவட்ட அளவில் ஜெயித்தால் மாநிலப் போட்டி. அதிலும் நின்று காட்டினால் தேசியப் பள்ளி விளையாட்டு. வயது ஏறி, நேரம் குறைந்து, மாநில அணியில் இடம் கிடைத்தால் என்றாவது ஒருநாள் தேசிய விளையாட்டுப் போட்டி. இந்த வரிசை பி.டி. ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் மனப்பாடம். பதக்கப் பட்டியல் பத்திரிகையில் வரும்போது தமிழ்நாடு எத்தனையாவது என்று விரல் வைத்துத் தேடுகிறவர்களும் உண்டு. ஆனால் ஒரு நாட்டின் மாகாணங்கள் எல்லாம் ஓரிடத்தில் கூடி, ஓட்டம், நீச்சல், மல்யுத்தம், பந்தாட்டம் என்று ஒரே மூச்சில் போட்டியிடும் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தில் ஒரு சிற்றூர் டாக்டர், லண்டனில் ஒரு துணிக்கடைச் சிப்பந்தி, பம்பாயில் ஒரு பார்சி முதலாளி, பஞ்சாபில் ஒரு மகாராஜா என்று யார் யார் கையிலோ ஏறி இறங்கித்தான் இங்கே வந்திருக்கிறது.

முதலில் அந்த டாக்டர். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் மச் வென்லாக் என்ற ஊர். கீழ்பென்னாத்தூரை விடச் சிறியது. அங்கே வைத்தியம் பார்த்த வில்லியம் பென்னி புரூக்ஸ், உடம்பை வருத்தி உழைக்கும் ஜனங்களுக்கும் விளையாட ஒரு நாள் வேண்டும் என்று நினைத்தார். 1850-ல் தொடங்கிய அந்தப் போட்டிக்கு ‘ஒலிம்பியன்’ என்று பழைய கிரேக்கப் பெயரையே சூட்டினார். பெயர்தான் கிரேக்கம், நடந்தது அசல் ஊர்த் திருவிழா. கிரிக்கெட்டும் கால்பந்தும் இருந்தன, ஓட்டமும் தாண்டுதலும் இருந்தன. ஆரம்ப ஆண்டுகளில் வயதான பெண்களுக்கு ஓர் ஓட்டப் பந்தயம்கூட உண்டு. பரிசு ஒரு பவுண்டு தேயிலை. கண்ணைக் கட்டிக்கொண்டு தள்ளுவண்டி ஓட்டுகிற போட்டியும் நடந்தது. பொங்கலுக்குச் சாக்கு ஓட்டமும் உறியடியும் வழுக்குமரமும் வைக்கிற நம் ஊர் இளைஞர் மன்றத்தார் அந்த மைதானத்துக்குப் போயிருந்தால், இன்னும் இரண்டு போட்டிக்கு யோசனை சொல்லிவிட்டு வந்திருப்பார்கள்.

அதே காலத்தில் ருமேனியாவில் நிலமும் வியாபாரமுமாகப் பெரும் சொத்து சேர்த்த எவாஞ்செலோஸ் ஸாப்பாஸ் என்ற கிரேக்கர், தன் பணத்தைக் கொட்டி 1859-ல் ஏதென்ஸில் ஓர் ஒலிம்பிக் நடத்த வைத்தார். செய்தி கேள்விப்பட்ட புரூக்ஸ் வென்லாக்கிலிருந்து 10 பவுண்டு பரிசுத் தொகை அனுப்பினார். 1866-ல் அவரும் நண்பர்களும் இன்னும் ஒரு படி ஏறினார்கள். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நாடு முழுவதற்கும் பொதுவாக ஒரு ‘தேசிய ஒலிம்பியன்’ போட்டி நடந்தது. அதில் 440 கெஜம் தடை ஓட்டத்தில் ஜெயித்த 18 வயதுப் பையன் யார் தெரியுமா? பிற்காலத்தில் தாடியும் மட்டையுமாகக் கிரிக்கெட்டின் முகமாகவே ஆகிப்போன டபிள்யூ.ஜி. கிரேஸ். பக்கத்தில் ஓவல் மைதானத்தில் சர்ரே அணிக்கு எதிராக 224 ரன் எடுத்துவிட்டு, ஆட்டம் முடியுமுன்பே அனுமதி வாங்கிக்கொண்டு ஓட வந்திருந்தார்.

1890-ல் வென்லாக்குக்கு வந்து புரூக்ஸின் விருந்தாளியாகத் தங்கிப் பார்த்துவிட்டுப் போனவர் பிரெஞ்சுக்காரர் பியர் தெ கூபெர்தன். நாலே ஆண்டில் சர்வதேச ஒலிம்பிக் குழு உருவாயிற்று. 1896 ஏப்ரலில் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தது. அதைப் பார்க்கப் புரூக்ஸ் இல்லை. நாலு மாதம் முன்பு, 1895 டிசம்பரில் இறந்துபோனார். ஊரை லண்டன் மறக்கவில்லை: 2012 ஒலிம்பிக்கின் சின்னப் பொம்மைக்கு வென்லாக் என்றே பெயர் வைத்தார்கள்.

விதை இங்கிலாந்துடையது என்றாலும், அதை ஆசியாவுக்குத் தூக்கி வந்தவர்கள் அமெரிக்கர்கள். அதற்கு வழி போட்டவர் ஒரு துணிக்கடைச் சிப்பந்தி. 1844-ல் லண்டன் ஜவுளிக்கடை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ், தன்னைப் போலக் கிராமத்தை விட்டு நகரத்துக்குப் பிழைக்க வந்த இளைஞர்கள் கூடிப் பைபிள் படிக்க ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதுதான் ஒய்.எம்.சி.ஏ. அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போனதும் அந்தச் சங்கம் ஜெபக் கூடத்துக்குப் பக்கத்திலேயே உடற்பயிற்சிக் கூடமும் கட்டிக்கொண்டது. அதன் ஸ்பிரிங்ஃபீல்டு பயிற்சிப் பள்ளியில், பனிக்காலத்தில் பையன்கள் கூரைக்குக் கீழே ஆட ஏதாவது வேண்டுமே என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-ல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். பக்கத்து ஊரான ஹோலியோக்கில் 1895-ல் வில்லியம் மார்கன் கைப்பந்தை உருவாக்கினார். சாயங்காலமானால் இரண்டு கம்பம் நட்டு வலை கட்டி நம் கிராமங்கள் ஆடும் வாலிபால் அந்தச் சங்கம் தந்ததுதான்.

அங்கே படித்த உடற்கல்விக்காரர்கள் கப்பலேறி ஆசியா முழுக்கப் பரவினார்கள். போன இடமெல்லாம் ஒரு பல்விளையாட்டுப் போட்டியை நட்டுவிட்டு வந்தார்கள். 1910-ல் சீனாவின் முதல் தேசிய விளையாட்டை நான்ஜிங்கில் நடத்தியது ஒய்.எம்.சி.ஏ. 1913-ல் மணிலாவில் தூரக் கிழக்குப் போட்டிகள் என்ற பெயரில் சீனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் மூன்றையும் ஒரே களத்தில் இறக்கியவர் அதே சங்கத்தின் எல்வுட் பிரவுன். நம் பக்கம் வந்தவர் ஹாரி குரோ பக். 1920-ல் அவர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே முதலாவது. இன்று நந்தனத்தில் அடையாற்றுக் கரையில் மரங்கள் அடர்ந்து நிற்கும் வளாகம் அது. தென்னாட்டுப் பள்ளிகளுக்கு விசிலும் கையுமாகப் புறப்பட்ட பி.டி. மாஸ்டர்களின் தாய்வீடு.

அந்த மாஸ்டர் ஒரு பள்ளிக்குள் கொண்டுவந்து சேர்க்கும் சங்கதிகளைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள். மைதானத்தில் ஒரு முளைக்குச்சி அடிக்கிறார். அதில் கயிறு கட்டுகிறார். கயிற்றின் நுனியில் ஒரு பையன். முழு அளவு தடம் என்றால் அந்தக் கயிற்றின் நீளம் 36.50 மீட்டர். கயிறு தொய்யாமல் இழுத்துப் பிடித்துப் பையன் அரைவட்டம் நடக்க, பின்னாலேயே இன்னொருத்தன் சுண்ணாம்புத் தூளைக் கோடாக விட்டுக்கொண்டே போகிறான். இரண்டு அரைவட்டத்தையும் 84.39 மீட்டர் நேர்கோடு இணைக்கிறது. முதல் பாதைக்காரனை விட இரண்டாம் பாதைக்காரனை 400 மீட்டருக்கு 7.04 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வெளிவட்டத்தில் ஓடுகிறவன் அநியாயமாய்த் தோற்பான். இடம் பத்தாத பள்ளியில் 200 மீட்டர் தடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். கணக்கு மட்டும் மாறாது. லுங்கியும் டிரவுசருமாகக் கயிறு பிடித்து நிற்கும் அந்தப் பையனும் ஒலிம்பிக் மைதானத்துப் பொறியாளரும் ஒரே வாய்ப்பாட்டைத்தான் போடுகிறார்கள். ஒரு வழக்கம் நாடு விட்டு நாடு போவதற்கு இதைவிட உறுதியான வாகனத்தை நான் கண்டதில்லை.

இனி புனே. 1919-ல் டெக்கான் ஜிம்கானாவின் விளையாட்டு விழாவுக்குத் தலைமை தாங்கியவர் டொராப்ஜி டாட்டா, ஜாம்ஷெட்ஜியின் மூத்த மகன். ஓடியவர்களில் பலர் விவசாயிகளின் பிள்ளைகள்; காலில் செருப்பில்லை. ஆனால் அவர்கள் எடுத்த நேரம் ஐரோப்பிய வீரர்களின் நேரத்துக்கு அவ்வளவாகக் குறையவில்லை. அதைக் கவனித்ததும் டாட்டாவுக்கு யோசனை பிறந்தது: இவர்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பினால் என்ன? பம்பாய் கவர்னரின் உதவியைக் கேட்டார். செலவில் தன் கையையும் வைத்தார். 1920-ல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகருக்கு ஒரு சிறு இந்தியக் கூட்டம் கப்பலேறியது. அதில் பெல்காம்காரர் பதேப்பா சௌகுலே மாரத்தானில் 19-வதாக வந்தார். பதக்கம் இல்லை; ஆனாலும் முறையான பயிற்சியோ பழக்கமோ இல்லாத நாட்டிலிருந்து போனவருக்கு அது சின்ன விஷயமில்லை.

அடுத்த ஒலிம்பிக் 1924-ல் பாரிஸ். இந்த முறை யாரோ ஒருவர் கண்ணில் பட்டவர்களை அனுப்பினால் போதாது, நாடு முழுக்கத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்காக 1924 பிப்ரவரியில் டெல்லியில் ஒரு போட்டி வைத்தார்கள். மாகாணங்களிலிருந்து சுமார் 70 பேர் வந்து மோதினார்கள். நடத்தியவர்களில் முன்னால் நின்றவர் ஒய்.எம்.சி.ஏ.வின் டாக்டர் நோரன். தேர்வானவர்களைப் பாரிஸுக்கு மேலாளராக அழைத்துப் போனவர் சென்னையின் ஹாரி பக். ஆக, இந்தியாவின் தேசிய விளையாட்டு ஒரு தேர்வு முகாமாகத்தான் பிறந்தது. அப்போது அதற்குப் பெயர் ‘இந்திய ஒலிம்பிக் போட்டிகள்’. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த கண்ணூரில் பிறந்த சி.கே. லட்சுமணன் பாரிஸில் 110 மீட்டர் தடை ஓட்டம் ஓடினார். நீளம் தாண்டுதலுக்குப் போனவர் தலீப் சிங். இந்தப் பெயர் இன்னொரு முறை வரும்.

1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தது. டாட்டா முதல் தலைவர். அடுத்த ஆண்டு தலைமை பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங்குக்குப் போயிற்று. அவர் மகன்களும் பின்னாளில் அதே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இன்றும் ஒட்டுமொத்தமாக ஜெயிக்கும் அணிக்குத் தரும் கோப்பை அவர்களில் ஒருவரான ராஜா பாலிந்திர சிங்கின் பெயரில்தான் இருக்கிறது. மகாராஜாக்களின் பணமும் செல்வாக்கும் இல்லாமல் அந்தப் போட்டி முதல் இருபது ஆண்டைத் தாண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. லாகூர், அலகாபாத் என்று சுற்றிய போட்டி 1932-ல் சென்னைக்கு வந்தது. 1938-ல் கல்கத்தா. அங்கே நம்மவர்களுக்கு முக்கியமான ஒன்று நடந்தது: மேல்நாட்டு ஆட்டங்கள் நிறைந்த அந்த மேடையில் கபடி ஏறியது.

கபடி அதற்கு முன்பே பெர்லினைப் பார்த்துவிட்டிருந்தது. 1936 ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலியார் அங்கே போய் இந்திய விளையாட்டுகளை ஆடிக் காட்டினார்கள். ஊருக்கு ஊர் வெவ்வேறு விதியோடு கிடந்த ஆட்டம், மேடை கிடைத்ததும் ஒரே விதிக்குள் வரவேண்டியிருந்தது. கோட்டுக்குக் கோடு அளவு, ஆட்டத்துக்கு நேரம், ஓர் அணிக்கு 7 பேர். 1990-ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டு, 2014-ல் புரோ கபடி என்று அது போன தூரம் பெரியது. திருவண்ணாமலை-செஞ்சி சாலையின் இரு பக்கமும் பொங்கலை ஒட்டி இரவு விளக்கு போட்டு நடக்கும் கபடியில் நடுவர் விசில் ஊதிச் சொல்லும் விதிகளுக்கு இந்தப் பயணம்தான் பின்னணி.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் 1940, 1944 ஒலிம்பிக்குகள் ரத்தாயின. இந்தியப் போட்டி மட்டும் நிற்கவில்லை. 1940-ல் பம்பாயில் நடந்தபோதுதான் ‘தேசிய விளையாட்டு’ என்ற பெயரே வந்தது. 1942 பாட்டியாலா, 1944-லும் 1946-லும் லாகூர். அதற்கடுத்த போட்டிக்குள் லாகூர் வேறு நாட்டில் இருந்தது. 1948-ல் இந்தியப் போட்டி லக்னோவில். அதே ஆண்டு ஏப்ரலில் பாகிஸ்தான் தன் முதல் தேசிய விளையாட்டைக் கராச்சியில் நடத்தியது. ஒரே மரம், இரண்டு தோட்டம். அந்த ஆண்டே செப்டம்பரில் இந்தோனேசியாவும் சோலோ நகரத்தில் தன் முதல் தேசியப் போட்டியைத் தொடங்கியது. அதன் காரணம் மனசைத் தொடுவது. லண்டன் ஒலிம்பிக்குக்குப் போகவேண்டுமானால் அவர்கள் டச்சுக் கடவுச்சீட்டில் போகவேண்டும் என்றார்கள். மாட்டோம் என்று மறுத்து, தங்கள் மண்ணிலேயே ஆடிக்கொண்டார்கள். செப்டம்பர் 9 இன்றும் அங்கே விளையாட்டு தினம்.

லாகூர் அரசுக் கல்லூரியில் இருந்த குரு தத் சோந்தி, இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதுகெலும்பாக உழைத்தவர். தேசியப் போட்டியின் அச்சை அவர் ஆசியாவுக்கே விரித்தார்: 1951 மார்ச்சில் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டு. செங்கோட்டையில் சூரிய ஒளியைக் கண்ணாடியில் குவித்துத் தீபம் ஏற்றினார்கள். அதை மைதானத்துக்குள் ஏந்தி ஓடி வந்தவர் பிரிகேடியர் தலீப் சிங், 1924-ல் பாரிஸில் நீளம் தாண்டிய அதே மனிதர். இன்னும் ஏழு ஆண்டு கழித்து, 1958 கட்டாக் தேசிய விளையாட்டில் 200, 400 மீட்டர் இரண்டிலும் சாதனை நேரம் ஓடினார் மில்கா சிங். பிரிவினையில் ஊரையும் பெற்றோரையும் பறிகொடுத்துவிட்டு, எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்த பையன்.

1968-ல் போட்டி மறுபடி சென்னைக்கு வந்தது. 1970-க்குப் பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. 1979 ஹைதராபாத் வரை ஆளரவம் இல்லை. 1982 டெல்லி ஆசிய விளையாட்டு தந்த சூட்டில், 1985-ல் அதே டெல்லியில் ஒலிம்பிக் பாணியில் புதிதாகத் தொடங்கினார்கள். 1987 கேரளம், 1994 மகாராஷ்டிரம், 1997 பெங்களூரு. வீரர்கள் தங்கக் கோரமங்கலாவில் எழுப்பிய அடுக்குமாடிகளுக்கு இன்றுவரை தேசிய விளையாட்டுக் கிராமம் என்றே விலாசம். 1999 இம்பால், 2007 குவாஹாட்டி என்று வடகிழக்கு வரை போனது மெச்சத்தக்கது.

இந்தக் கதையில் எனக்குப் பொறுக்காத பகுதி ஒன்று உண்டு. 2007-ல் நடக்கவேண்டிய ராஞ்சிப் போட்டி தள்ளித் தள்ளி 2011-ல் நடந்தது. 2015-ல் கேரளத்தில் நடந்த பிறகு, 2016-க்கு என்று கோவாவுக்குக் கொடுத்தது 2023-ல்தான் அங்கே நடந்தது. இடையில் 2022-ல் குஜராத் கைகொடுக்காவிட்டால் எட்டு ஆண்டு வெறுமை. இருபது வயது ஓட்டக்காரிக்கு ஏழு ஆண்டு என்பது கிட்டத்தட்ட அவள் ஓட்டத்தின் மொத்த ஆயுள். அவள் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் போட்டியே நடக்கவில்லை என்றால், அந்த இழப்பை எந்தப் பதக்கமும் ஈடுகட்டாது. மைதானம் தயாராகவில்லை, பணம் வரவில்லை என்பவையெல்லாம் சரிசெய்யக்கூடிய காரணங்கள். போய்விட்ட வயது திரும்பாது.

நடந்தபோதெல்லாம் ஆச்சரியங்களுக்குக் குறைவில்லை. 2015-ல் கேரளத்துக்காக நீந்தி 6 தங்கமும் 3 வெள்ளியும் அள்ளிய சாஜன் பிரகாஷ் நீச்சல் கற்றது நம் நெய்வேலியில். அவர் தாயார் அங்கே நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்தார். 2022 குஜராத்தில் தமிழ்நாட்டின் ரோஸி மீனா பால்ராஜ் கோல் ஊன்றி 4.20 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனையை மாற்றி எழுதினார். ஆண்கள் பிரிவில் 5.31 மீட்டர் தாண்டிய சிவாவும் தமிழர்தான். ஆனால் அவர் இறங்கியது ராணுவம் உள்ளிட்ட முப்படைகளின் சர்வீசஸ் அணிக்காக. 2007 முதல் 2022 வரை நான்கு போட்டிகளிலும் முதலிடம் பிடித்த அணி அது. பழைய வடஆற்காட்டில், கம்மவான்பேட்டை போலத் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் கிராமங்கள் இருக்கின்றன. இந்தப் பக்கத்துப் பையனுக்குத் தேசிய விளையாட்டுக்குப் போக சென்னை வழி ஒன்று, பட்டாள வழி ஒன்று.

அதே 2022-ல் மல்லர்கம்பம் முதன்முதலாகத் தேசிய விளையாட்டுக்குள் வந்தது. எண்ணெய் பூசிய மரக்கம்பத்தில் ஏறி உடம்பை வளைத்து நிற்கும் மராட்டிய வித்தை. பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தில் பாலம்பட்ட தேவ்தர் அதைப் புதுப்பித்தார். கீழ்பென்னாத்தூரிலிருந்து கிழக்கே போனால் வரும் செஞ்சிக் கோட்டையை மராட்டியர் 1677-ல் பிடித்து, இருபது ஆண்டு வைத்திருந்தார்கள். மல்லர்கம்பம் அவர்களோடு வந்ததல்ல; மிகப் பின்னால் பயிற்சியாளர்கள் வழியாக வந்தது. ஆனாலும் தமிழ்நாட்டில் மல்லர்கம்பம் என்றதும் நினைவுக்கு வரும் ஊர் செஞ்சிக்கு அடுத்த விழுப்புரம்தான். அங்கே சின்னப் பிள்ளைகள் கம்பத்தின் உச்சியில் கவிழ்ந்து கைகூப்புவதைப் பார்த்தால், தேசிய விளையாட்டில் அதைச் சேர்த்தவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றும்.

2025-ல் உத்தராகண்டில் 38-வது போட்டி முடிந்தது. தமிழ்நாடு 27 தங்கத்தோடு திரும்பியது. குழு ஆட்டங்களில், அந்தந்த ஆட்டத்தின் முந்தைய தேசிய சாம்பியன்ஷிப்பில் முன்வரிசையில் வந்த அணிகளுக்கே பெரும்பாலும் இடம். போட்டியை நடத்தும் மாநிலத்துக்கு மட்டும் தகுதி பார்க்காமல் ஓர் இடம் உண்டு. அந்தச் சலுகை நம் பிள்ளைகளுக்குக் கிடைத்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1968-க்குப் பிறகு இந்தப் போட்டி தமிழ்நாட்டுக்கு வரவே இல்லை. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டைச் சென்னை, மதுரை, திருச்சி, கோவை நான்கு நகரங்களில் நடத்தி, 38 தங்கத்தோடு இரண்டாமிடமும் பிடித்த மாநிலம் இது. சிலம்பத்தை அதில் செய்முறை விளையாட்டாகக் காட்டியதும் நாம்தான். மைதானம் இருக்கிறது, நடத்திய அனுபவமும் இருக்கிறது. அடுத்த முறை மேகாலயம். அதற்கும் அடுத்த வரிசைக்குத் தமிழ்நாடு இப்போதே எழுதிப் போட வேண்டும். குறுவட்டத்தில் இன்று ஓடும் பிள்ளைகளுக்கு அப்போது சரியான வயது.